ஒன்று என்றால் குடித்துவிட்டாள்

"சீரோ பாத்துக்கோங்கண்ணாச்சி" என்று பொன்மாரி சொன்னது அவள் காதுக்கே எட்டவில்லை, வண்டியில் உட்கார்ந்திருந்த மனிதருக்கு எங்கே எட்டும். அவர் ஹெல்மெட்டுக்கும் கன்னத்துக்கும் நடுவில் செல்போனைச் செருகிக்கொண்டு, இரண்டு கையையும் வீசி வீசி, பந்தல்காரனோடு பேசிக்கொண்டிருந்தார். "நீ பொண்ணு வீட்டுக்காரங்க கிட்ட வாயக் குடுக்காத, நான் வந்து பேசிக்கிறேன், வாழைமரம் மட்டும் குலை தள்ளினதா பாரு, போன தடவ மாதிரி மொட்டையா நட்டு மானத்த வாங்கிராத." அவர் தலைக்கு நேர் மேலே செல்போனுக்குக் குறுக்கே சிவப்புக் கோடு போட்ட போர்டு. போர்டுக்குக் கீழே மிஷினோடு மிஷினாக ஒட்டி வைத்த, பணம் அனுப்பப் போன் காட்டுகிற கட்டம் கட்டமான அட்டை. பேசக்கூடாது, ஆனால் காட்டலாம். இதில் எது நிஜம் என்று வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவளுக்கு ஒரு யோசனை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, கேட்கத்தான் வாய் வரவில்லை. போனைக் கட் பண்ணுங்க என்று சொல்லவேண்டியது அவள் வேலை. சொல்லலாம், தொண்டை வரைக்கும் வந்துவிட்டது, ஆனால் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வது, அவளுடைய போனே நீலக் கோட்டுக்குள்ளே, சுடிதாருக்குள்ளே, இடது மாரோடு ஒட்டிக் கிடக்கிறதே. வேலைக்கு வந்ததும் எல்லாரும் போனை ஞானராஜ் சார் மேசை டிராயரில் போட்டுவிட வேண்டும், அவர்தான் இங்கே சூப்பர்வைசர். இன்றைக்கு அவர் டிராயரைத் திறந்து நீட்டியபோது, "சார்ஜ் இல்ல சார், வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டேன்" என்று எவ்வளவு சுளுவாக அவள் வாயிலிருந்து வந்தது. சீரோ பாத்துக்கோங்க என்பதற்கு வராத குரல் பொய்க்கு மட்டும் மணி மாதிரி வருகிறது பார், என்று தன்னைத்தானே ஒரு குத்துக் குத்திக்கொண்டு, மிஷினின் இரும்பு விளிம்பை விரல் நுனியால் தொட்டுவிட்டுப் பெட்ரோல் துப்பாக்கியைக் கையில் எடுத்தாள்.

அந்தத் தொடுகைக்குத்தான் வேலுத்தாய் அக்கா சிரிக்கும். அடுத்த பம்ப்பில் டீசல் போடுகிற அக்கா. "ஏ பிள்ள, ஒவ்வொரு வண்டிக்கும் மிஷினத் தொட்டுக் கும்பிட்டுக்கிட்டே இருந்தா சாமி வந்து உனக்குப் பதிலா பெட்ரோல் போடுமாக்கும்?" கும்பிடவில்லை அக்கா, கை பழகிப்போச்சு. கல்யாணத்துக்கு முன்னால் பட்டாசுக் கம்பெனிக்குப் போன கை அது. அங்கே மருந்து ரூமுக்குள் நுழைய முன் வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டாக வேண்டும், உடம்பில் இருக்கிற கரண்டு இறங்கிப் போக. கொலுசு கூடாது, நைலான் சேலை கூடாது, போன் கூடாது, செருப்பு கூடாது. போர்மேன் கோபால்சாமி அண்ணாச்சி வாசலில் நின்று ஒவ்வொருத்தியாகச் சேலையைப் பார்த்து உள்ளே விடுவார், நூல் சேலையா என்று. "அவசரம்தாம்மா தீ, வேற ஒண்ணுமில்ல" என்பார். சாத்தூர்ப் பக்கம் பிறந்த பிள்ளைக்குத் தீயைப் பற்றிப் போர்டு எழுதிச் சொல்லவேண்டியதில்லை. பக்கத்துச் செட்டு வெடித்துப் போன அன்றைக்கு அவள் வெளியே வேப்பமரத்தடியில் தூக்குவாளியைத் திறந்துகொண்டிருந்தாள். சத்தம் பிறகுதான் வந்தது, முதலில் வந்தது காற்று, தூக்குவாளி மூடியைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போன காற்று. மறுநாள் எல்லாரும் உராய்வு உராய்வு என்றார்கள். எதோடு எது உராய்ந்தது என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது, இருந்து சொல்ல அங்கே ஆளும் இல்லை. அன்றோடு நின்றவள்தான். அப்புறம் கல்யாணம், பிள்ளை. பிள்ளைக்கு எட்டாவது மாசம் நடக்கையில், பங்க்கில் பொம்பளைப் பிள்ளைகளை எடுக்கிறார்களாம் என்று கேள்விப்பட்டு வந்து நின்றாள். "வெடிக்குப் பயந்தவ பெட்ரோலுக்குப் போறாளாம், நல்ல கதையா இருக்கே" என்று அவள் அத்தை, வீட்டுக்காரரைப் பெற்றவள், தெருவே கேட்கச் சிரித்தாள். சிரிக்கட்டும். இங்கே மேலே வானம் இருக்கிறது. நாலு பக்கமும் சுவர் கிடையாது. ஓட வேண்டுமென்றால் பைபாஸ் ரோடு முழுக்க இருக்கிறது. அதைவிட, இந்த நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நிற்கும்போது, லாரி கார் பஸ் எல்லாம் அவள் கையைப் பார்த்து நிற்கும்போது, உள்ளுக்குள் ஏதோ ஒன்று சரியாக உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. குரல்தான் இன்னும் வந்து சேரவில்லை. அதுவும் வரும்.

வரும், இந்த வேலை இன்றைக்கு மேல் இருந்தால். வாழைமரக்காரருடைய டேங்க்கில் பெட்ரோல் இறங்கிக்கொண்டிருந்தது, வெயிலில் அதன் ஆவி நெளிந்து நெளிந்து ஏறுவது கண்ணுக்கே தெரிந்தது, அவள் மாருக்குள் பால் இறங்குவதும் அதே மாதிரி நெளிந்து நெளிந்து தெரிந்தது. குட்டிமா பால் குடிக்கிற நேரம் இது. பேர் நிதர்ஷனா, அவள் அப்பா போனில் தேடி வைத்த பேர், கூப்பிட நாக்கு சுளுக்குவதால் எல்லாருக்கும் குட்டிமா. பொன்மாரி வேலைக்குச் சேர்ந்த முந்தாநாளும் நேற்றும் அவள் தாய் மார் இல்லாமல் ஒரு சொட்டுக் குடிக்கவில்லை. பால் புகட்டுகிற சங்கை வாயில் வைத்தால் உதட்டைப் பூட்டிக்கொள்கிறாள், பாட்டிலைப் பார்த்தால் பாம்பைப் பார்த்த மாதிரி அலறுகிறாள், கூழைக் கொடுத்தால் கொடுத்தவர் மூஞ்சிக்கே திருப்பி அனுப்புகிறாள். நேற்றுச் சாயங்காலம் பொன்மாரி வீட்டுக்குள் கால் வைத்தபோது பிள்ளை அழக்கூடத் தெம்பில்லாமல் ஒரு பார்வை பார்த்தது. அத்தை பிள்ளையை அவள் மடியில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். ராத்திரி, லோடு ஏற்றிக்கொண்டு கோயம்புத்தூர் போயிருக்கிற அவள் புருசன் ஜெயமுருகன் போனில், "நீ முடிவு பண்ணு பொன்னு, நான் வேண்டாம்னு சொல்லமாட்டேன், வேணும்னும் சொல்லமாட்டேன்" என்றான். பெரிய மனுசன். அப்போது அவளே சொன்னாள், யாரும் கேட்காமல் அவளாகவே சொன்னாள், நாளைக்கும் பிள்ளை குடிக்கலைன்னா வேலையிலருந்து நின்னுக்கிறேன் என்று. வாய் கொடுத்தாயிற்று. காலையில் எவர்சில்வர் டம்ளரில் பாலைப் பீய்ச்சி, மூடி, பிள்ளையோடு சேர்த்துப் பக்கத்து வீட்டுச் செண்பகம் அக்கா கையில் கொடுத்துவிட்டு, அக்காவும் அவளும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். பங்க்கில் போன் எடுத்துப் பேச முடியாதே, அதனால் மிஸ்டு கால். குடித்துவிட்டால் ஒரு தடவை. குடிக்கவில்லை என்றால் ரெண்டு தடவை. "ஒண்ணுன்னா குடிச்சிட்டா, ரெண்டுன்னா நீ வா" என்று அக்கா விரலை மடக்கி மடக்கி மனப்பாடம் பண்ணியது. அக்காவிடம் இருப்பது பழைய பட்டன் போன், பச்சை பட்டனை அழுத்தினால் கடைசி நம்பரான பொன்மாரிக்கே போகும், அது மட்டும்தான் அக்காவுக்குத் தெரியும், அதுவே போதும்.

துப்பாக்கி டக்கென்று நின்றது. வாழைமரக்காரர் போனைக் காதிலிருந்து உருவி, பேச்சை நிறுத்தாமலே, அதே போனை அட்டைக்கு நேராக நீட்டினார், டேங்க் மூடி இன்னும் திறந்தபடி இருக்க. மூடிக்கும் போனுக்கும் ஒரு சாண்கூட இல்லை. பொன்மாரி துப்பாக்கியை உருவி அப்பால் கொண்டு போனாள். வேலுத்தாய் அக்கா அங்கிருந்தே ஒரு அதட்டல் போட்டது, "அண்ணாச்சி, மேல போர்டு தெரியலையா?" அவர் நிமிர்ந்து போர்டைப் பார்த்தார், குனிந்து அட்டையைப் பார்த்தார். "ஏம்மா, மேல எடுக்காதங்கிறீங்க, கீழ எடுத்துக் காட்டுங்கிறீங்க, நான் என்ன போனத் தலைகீழாப் பிடிக்கவா?" என்று கேட்டுவிட்டு, தன் பேச்சுக்குத் தானே சிரித்து, மூடியை அவரே திருகி, போய்விட்டார். நெருப்பு ஒன்றும் பிடிக்கவில்லை. இதுவரைக்கும் ஒரு தடவைகூடப் பிடிக்கவில்லை. எத்தனை வண்டி, எத்தனை போன், மிஷின் பக்கத்திலேயே நீட்டி நீட்டி எடுக்கிறார்கள். பிடிக்கும் என்றால் இத்தனை நாளில் பிடித்திருக்க வேண்டாமா. அப்படித்தான் அந்தச் செட்டிலும் நினைத்திருப்பார்கள், நேற்றுப் பிடிக்கவில்லை, முந்தாநாள் பிடிக்கவில்லை என்று. இல்லை, அது வேறு இது வேறு. அங்கே மருந்து, லேசாகத் தேய்த்தாலே கோபம் வருகிற மருந்து. இங்கே ஆவி, காற்றில் கரைந்து போய்க்கொண்டே இருக்கிற ஆவி. ஆனால் காற்றில்லாத இடத்தில் தங்கினால்? கோட்டுக்குள்? சுடிதாருக்குள்? அவள் மாரில் சூடு ஏறி, வேர்வையும் பாலும் பட்டு நனைந்த துணிக்குள், அந்தப் போனைச் சுற்றி ஆவி போய் உட்கார்ந்திருந்தால், அது இப்போது அதிர்ந்தால். காலையில் பிடித்த இந்த நினைப்பு ஈ மாதிரி, விரட்ட விரட்ட அதே இடத்தில் வந்து உட்காருகிறது. எடுத்துவிடலாம். எங்கே வைப்பது. டிராயரில் வைத்தால் பொய் தெரிந்துபோகும், வெளியே வைத்தால் குட்டிமா குடித்தாளா இல்லையா என்பது தெரியாது. இரண்டு பயம் இருந்தால் பெரியதைத்தான் பயப்பட முடியும், சின்னது தானாக ஒதுங்கிக்கொள்கிறது. அடுத்து ஒரு ஸ்கூட்டர், "இருநூறுக்குப் போடும்மா", இரும்பைத் தொட்டாள், துப்பாக்கியை எடுத்தாள், சீரோ பாத்துக்கோங்க, இந்தத் தடவை கொஞ்சம் கேட்டது, ஸ்கூட்டர்க்காரம்மா குனிந்து சீரோவைப் பார்த்தார்கள், அப்போது அதிர்ந்தது.

உடம்பு முழுக்க அதிர்ந்த மாதிரி இருந்தது. துப்பாக்கியைப் பிடித்த கை இறுகியது, கண் தானாக மூடிக்கொண்டது, தூக்குவாளி மூடியைப் பிடுங்கிய அந்தக் காற்று இதோ வருகிறது என்று கன்னத்துச் சதை காத்திருந்தது. வரவில்லை. வெயில் அடித்தது. காக்கை ஒன்று கத்தியது. பெட்ரோல் அதுபாட்டுக்கு இறங்கியது. போன் நின்றது. ஒன்று. குடித்துவிட்டாள். என் தங்கம், என் ராசாத்தி, குடித்துவிட்டாள், சங்கிலேயே குடித்துவிட்டாள், எவ்வளவு பெரிய மனுசியாகிவிட்டாள், என்று உள்ளே ஒரு கூத்து நடக்கும்போதே கண்ணைத் திறந்து பார்த்தாள், எல்லாம் இருந்த இடத்தில் இருந்தது, போன் பொசுக்கவில்லை, தானும் பொசுங்கவில்லை. சரிதான், இந்தப் போர்டு சும்மா பயம் காட்டுகிறது என்று சிரிப்புக்கூட வந்தது, அந்தச் சிரிப்பு பாதியில் இருக்கும்போது மறுபடி அதிர்ந்தது. ரெண்டு. சிரிப்பு அப்படியே காய்ந்தது. ரெண்டு என்றால் வா. அத்தை முகம் வந்தது, நேற்றைக்குப் பிள்ளை பார்த்த பார்வை வந்தது, இந்தக் கோட்டைத் துவைத்து மடித்து ஞானராஜ் சாரிடம் கொடுப்பது வந்தது, அவர் அதை வாங்கி வேறு ஒருத்திக்குக் கொடுப்பதுகூட வந்துவிட்டது, அந்த வேறொருத்தி இந்த இடத்தில் நின்று கணீரென்று சீரோ பாத்துக்கோங்க என்கிறாள். சரி, போகட்டும், வேலையா பிள்ளையா என்றால் பிள்ளைதான், யார் இல்லை என்றது. துப்பாக்கியை மாட்டிவிட்டுப் போய்ச் சொல்லிவிட்டுக் கிளம்பவேண்டியதுதான். அப்போது மூன்றாவது தடவை அதிர்ந்தது. மூன்றா? மூன்றுக்கு அவர்கள் ஒன்றும் பேசிவைக்கவில்லையே. ஒன்று, இரண்டு, அதற்கு மேல் உலகத்தில் ஒன்றும் நடக்காது என்று அல்லவா இரண்டு பேரும் விரலை மடக்கினார்கள். நின்றது. நாலு. இது நிற்கவே இல்லை, அதிர்ந்துகொண்டே இருந்தது, ஆள் எடுக்கிற வரைக்கும் விடமாட்டேன் என்கிற மாதிரி. செண்பகம் அக்கா வழுக்கி விழுந்திருக்குமோ. பிள்ளைக்குப் புரை ஏறிவிட்டதோ. சங்கைத் திணித்திருப்பார்கள், அத்தை வந்து மூக்கைப் பிடித்து ஊற்றியிருப்பாள், அந்தக் காலத்தில் அப்படித்தான் என்று. மூச்சு, மூச்சு விடுகிறாளா.

ஓடத்தான் கால் கிளம்பியது. கையில் துப்பாக்கி, துப்பாக்கி மூக்கு ஸ்கூட்டருக்குள், இழுத்தால் ஸ்கூட்டர்க்காரம்மா மடியெல்லாம் பெட்ரோல், கீழே சூடேறிய இன்ஜின். அவசரம்தாம்மா தீ. இந்த உலகத்தில் இருக்கிற எல்லாத் தீயும் இந்த ஒரு நொடிக்குள்தான் இருக்கிறது என்று அவளுக்குத் துலக்கமாகத் தெரிந்தது. போன் பற்றவைக்குமோ வைக்காதோ, அது படித்தவர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும். ஆனால் போனில் மனசு போன ஆளின் கண் டேங்க்கில் இருக்காது, கை கையாக இருக்காது. இப்போது அவள் கை கையாக இல்லை. அது நிஜம். அதற்கு ஆவியும் வேண்டாம் பொறியும் வேண்டாம். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். டக். சொட்டு வடியும்வரை துப்பாக்கியை டேங்க்கின் கழுத்திலேயே சாய்த்து வைத்தாள், மாரில் அது அதிர அதிர. எடுத்து மாட்டினாள். மூடியைத் திருகிக் கொடுத்தாள். "வேலுத்தாயக்கா, இந்தம்மா கிட்ட பணம் வாங்கிக்கோங்க" என்று சொன்னபோது அக்கா திரும்பிப் பார்த்தது, இவளுக்கு இவ்வளவு குரல் இருக்கிறதா என்று. ஓடாமல் நடந்தாள். பம்ப்பைத் தாண்டி, கூரை நிழலைத் தாண்டி, டயருக்குக் காற்று அடிக்கிற ஓரத்துக்குப் போய், எல்லாரும் பார்க்கக் கோட்டுக்குள் கையை விட்டுப் போனை எடுத்துக் காதில் வைத்தாள்.

"அக்கா. அக்கா, என்னாச்சு? செண்பகக்கா!" ஏதோ ஈரமான சத்தம், சப்புகிற சத்தம். பிறகு ஒரு மூச்சு, சின்ன மூச்சு, நடுவில் ஒரு விக்கல் மாதிரி நின்று நின்று வருகிற மூச்சு. போனைக் காதோடு அழுத்தினாள். அந்த மூச்சை அவள் கழுத்தடியில்தானே ஒவ்வொரு ராத்திரியும் கேட்கிறாள், போனில் கேட்டதில்லை, போனில் வருகிற அளவுக்கு இவள் என்றைக்குப் பெரிய ஆளானாள். "குட்டிமா?" என்றாள். சப்புவது நின்றது. "குட்டிமா, அம்மாடா." அந்தப் பக்கம் ஒரு கூச்சல், சந்தோசக் கூச்சல், காதே கிழிகிற மாதிரி. அதற்குப் பின்னால் தூரத்திலிருந்து அக்காவின் குரல் ஓடி வந்தது. "அடி கழுத, போனையா வாயில வச்சிருக்க, குடுறீ, ஏட்டி குடுறீ... அலோ, பொன்னு! நீயா! பொன்னு, நான் ஒரு மிஸ்டு காலும் விடல தாயி, துணி காயப்போடப் போனேன், இவ எடுத்துப் பச்சை பட்டனக் கடிச்சிட்டா." "குடிச்சாளாக்கா?" "அதத்தான் எத்தன தடவ அடிக்கன்னு முழிச்சிக்கிட்டு இருந்தேன். அரைச் சங்கு உள்ள போச்சு. மிச்சம் என் சேலையில. ஒண்ணு அடிச்சா பொய்யி, ரெண்டு அடிச்சா அதுவும் பொய்யி. என்னத்த அடிக்க நான்?" பொன்மாரிக்கு முதலில் அழுகை வந்தது, பிறகு சிரிப்பு வந்தது, இரண்டும் ஒரே நேரத்தில் மூக்கு வழியாக வந்தது. அரைச் சங்கு. முழுசாகக் குடித்திருந்தால் முடிவு அதுவாக வந்திருக்கும், குடிக்கவே இல்லை என்றாலும் அதுவாக வந்திருக்கும். அரைச் சங்குக்கு யாராவது முடிவு எடுக்க வேண்டும். அவள்தான் இருக்கிறாள். "அக்கா, ஆட்டோ பிடிச்சு அவளத் தூக்கிட்டு இங்க வாங்க. இப்பவே வாங்க. நான் இங்க வச்சுக் குடுக்கேன். நாளைக்கும் இந்நேரத்துக்கு வாங்க. சங்கும் குடுப்போம், குடிக்கிறது குடிக்கட்டும்." "பங்க்குக்கா? அங்க எப்படிடி?" "வாங்கக்கா, பாத்துக்கலாம்."

திரும்பினால் ஞானராஜ் சார் நின்றுகொண்டிருந்தார், இடுப்பில் கை வைத்து. நல்ல மனுசன்தான், ஆனால் முகம் எப்போதும் யாரோ தன் காலை மிதித்துவிட்ட மாதிரியே இருக்கும். "சார்ஜ் இல்லாத போனு நல்லாப் பேசுதேம்மா" என்றார். பழைய பொன்மாரி என்றால் அந்தத் தரையைப் பிளந்து உள்ளே போயிருப்பாள். இவளுக்கும் காது சூடாகத்தான் செய்தது, முன்பக்கம் கோட்டில் பால் நனைந்து இரண்டு வட்டமாகத் தெரிவதும் தெரிந்தது. கையை மடக்கி மறைக்கலாமா என்று ஒரு நினைப்பு வந்து, எதற்கு என்று அதுவே போய்விட்டது. "பொய்தான் சார் சொன்னேன். தப்புதான். வீட்டுல எட்டு மாசப் பிள்ள இருக்கு, குடிச்சாளா இல்லையான்னு தெரியாம என்னால டேங்க்கப் பாக்க முடியாது. இனிமே பம்ப்புக்குப் போனைக் கொண்டு போகமாட்டேன், இங்க, காத்து மிஷின் கிட்ட இருக்கட்டும், அடிச்சா வண்டிய முடிச்சிட்டு வந்து எடுப்பேன். இப்பப் பிள்ளையத் தூக்கிட்டு வாராங்க. உங்க ரூம் எனக்குக் கொஞ்ச நேரம் வேணும். தினம் வேணும்." ஞானராஜ் சாருக்குக் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவர் டயரைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார். "பெட்ரோல் பங்க்ல கைப்பிள்ளையா? மொதலாளி கேட்டா நான் என்னம்மா சொல்லட்டும்?" "நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம் சார். என்னக் கூப்பிடுங்க, நான் சொல்லுதேன்." "நீயா? உனக்குத்தான் வாயத் தொறந்தா சத்தமே வராதே" என்றவர், இவ்வளவு நேரம் வந்தது யார் சத்தம் என்று அப்போதுதான் உறைத்த மாதிரி நிறுத்திக்கொண்டார். வேலுத்தாய் அக்கா அங்கே டீசல் போட்டபடி, "ரூம்ல மேல சட்டையக் காயப்போட்டிருக்காரு, மொத அத எடுக்கச் சொல்லுடி" என்று கத்தியது. அவர் விறுவிறுவென்று ரூமைப் பார்த்து நடந்தார், சட்டையை எடுக்கத்தான் போலிருக்கிறது. பாதியில் நின்று, திரும்பாமலே, "நாளைக்கு வருவியா, இல்ல நின்னுக்கிருவியா? அதயாவது இப்பவே சொல்லிரு, ஆளப் பாக்கணும்" என்று கேட்டார்.

"ஆள் பாக்க வேண்டாம் சார்" என்றாள் பொன்மாரி. "நான் வருவேன்."